எழுத்தும் கண்ணளவும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது கீழ்பென்னாத்தூர் என்னும் பேரூர். ஏரிகளையும் கிணறுகளையும் நம்பி நெல்லும் மணிலாவும் பயிரிடும் மக்கள் வாழும் வட்டாரம் அது. கார்த்திகைத் திங்களில் 2668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படும் மாலையில், அவ்வூரார் தத்தம் வீட்டு மாடியிலும் வயல் வரப்பிலும் நின்று மேற்றிசையை நோக்குவர். கோயிலின் அருகில் நிற்பவர்க்குக் கொழுந்துவிட்டு எரியும் சுடராகத் தோன்றும் அத்தீபம், கீழ்பென்னாத்தூரில் நிற்பவர்க்கு ஒளிப்பொட்டு ஒன்றாகவே தோன்றும். தீபம் சிறுத்துவிடவில்லை, கொப்பரையும் குறைந்துவிடவில்லை. காண்பவருக்கும் காணப்படும் பொருளுக்கும் இடையே உள்ள தொலைவு மிகுந்தது; அவ்வளவே.

ஒரு பொருளின் அளவு வேறு. அது கண்ணுக்குத் தோன்றும் அளவு வேறு. இவ்வுண்மை எழுத்துக்கும் பொருந்தும். கல்லில் வெட்டினும், ஓலையில் கீறினும், தாளில் அச்சிடினும், கணினித் திரையில் ஒளிரச் செய்யினும் எழுத்து என்பது கண்ணுக்காக அமைந்தது. இந்நாளில் நுண்ணிய புள்ளிகளால் ஆகிய புதுத்திரைகள் பெருகியுள்ளன. அத்திரைகளில் சில பழைய மென்பொருள்களைத் திறந்தால், எழுத்துகள் எறும்பினும் சிறியனவாய்த் தோன்றிப் படிப்பவரை இடர்ப்படுத்துகின்றன. இக்குறை எவ்வாறு நேர்ந்தது, அதனை நீக்கும் வழி யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

கண்ணின் ஆற்றலை அளந்து பார்க்க எழுத்தையே கருவியாகக் கொண்டவர் ஸ்னெல்லன் என்னும் டச்சு நாட்டுக் கண் மருத்துவர் ஆவார். கண் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை மாணவர் கண்டிருப்பர். மேல் வரியில் பெரிய எழுத்தும், கீழே செல்லச் செல்லச் சிறிய எழுத்துமாக அமைந்த அப்பலகையை அவர் 1862ஆம் ஆண்டில் வெளியிட்டார். வட்டத்தை 360 பாகையாகவும், ஒவ்வொரு பாகையையும் 60 கலையாகவும் பகுப்பது கணித நூலார் மரபு. நற்பார்வை உடைய கண், 5 கலை அளவில் தோன்றும் எழுத்தைப் படித்துவிடும் என்பது ஸ்னெல்லன் கொண்ட அளவு. கணினியின் முன் அமர்பவர் ஏறத்தாழ அரை மீட்டர் தொலைவில் அமர்வர். அத்தொலைவில் 5 கலை என்பது முக்கால் மில்லிமீட்டரினும் சற்றுக் குறைவு. இது கண்ணின் எல்லை. இன்பமாய்ப் படிக்கும் அளவு அன்று. நெடுநேரம் படிப்பதற்கு அதனினும் இருமடங்கோ மும்மடங்கோ வேண்டும். நாற்பது ஆண்டைக் கடந்தோர்க்கோ கண்வில்லையின் நெகிழ்ச்சி குறைந்து, அண்மையில் உள்ள எழுத்து மங்கித் தோன்றும். இதனை நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். சாளேசுரம் என்று கூறுவாரும் உளர். கண்ணில் தோன்றும் குறைக்கு எழுத்தின் பெயரையே இட்டு வழங்கிய நயம் எண்ணி மகிழ்தற்கு உரியது.

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. போரிலும் ஆநிரை மீட்டலிலும் உயிர் நீத்த வீரரின் உருவும் பெயரும் அவற்றில் பொறிக்கப்பட்டன. வழிச் செல்வோர் நின்று படிக்க வேண்டும் என்பதே கல் நட்டார் கருத்து. ஆதலின் நிற்பவர் கண்ணுக்கு எட்டும் அளவில் எழுத்து வெட்டப்பட்டது. அண்ணாமலையார் கோயிற் சுவர்களில் உள்ள சோழர் காலத்துக் கல்வெட்டுகளும் அத்தகையனவே. கல்தச்சன் அளந்தது கல்லை மட்டும் அன்று. காண்பவர் நிற்கும் இடத்தையும் அவன் உள்ளத்தில் கொண்டிருந்தான்.

ஓலையின் நிலை வேறு. பனையோலை அகலம் குறைந்தது, எழுத்தாணி கூரியது. அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை கிழிந்துவிடும். ஆகவே ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே எழுதிச் சென்றனர். காலுக்கும் ரகரத்துக்கும் வடிவில் வேற்றுமை இராது. ‘காலம்’ என்னும் சொல்லைக் ‘கரலம’ என்று படிக்கவும் இடம் உண்டு. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் உள்ள வேற்றுமையும் அந்நாளில் ஒரு புள்ளியால் உணர்த்தப்பட்டது. புள்ளி பெற்றது குறில், பெறாதது நெடில். ஓலையில் அப்புள்ளி இல்லாதபோது ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஒன்றாகவே தோன்றும். நெருப்புக்கும் நீர்நிலைக்கும் இடையே நின்ற வேலி ஒரு சிறு புள்ளியே! பின்னர் வீரமாமுனிவர் நெடிலின் வடிவை மாற்றி இக்குழப்பத்தைத் தீர்த்தார். இன்று நாம் எழுதும் ஏகாரத்தின் காலில் உள்ள சிறு கோடே எரியினின்றும் ஏரியைப் பிரித்துக் காட்டுகிறது.

தமிழ் எழுத்தில் பொருள் பெரும்பாலும் இத்தகைய சிறு கோட்டிலும், சுழியிலும், புள்ளியிலும் தங்கியுள்ளது என்பதை மாணவர் மறத்தலாகாது. இரண்டு சுழிக்கும் மூன்று சுழிக்கும் உள்ள வேற்றுமையே னகரத்திற்கும் ணகரத்திற்கும் உள்ள வேற்றுமை. எழுத்து அளவுக்கு மேல் சிறுத்தால் முதலில் மறைவன இவையே.

அச்சு வந்தபின் எழுத்தின் அளவு ஒரு கணக்கிற்கு உட்பட்டது. தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றாகிய தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் வெளிவந்தது. அதன்பின் நெடுங்காலம் கழித்துத் தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் அச்சுக்கூடம் நடத்தினார். அவருக்கென ஜெர்மனி நாட்டு ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியனவாக இருந்தமையின் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. கப்பலில் வரும் தாளோ அரியது, விலையும் மிக்கது. ஆதலால் தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் அவற்றினும் சிறிய எழுத்துகளை வார்த்தனர். சீமையிலிருந்து வந்த பாலாடைக் கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத் தகட்டையும் அதற்காக உருக்கினர் என்பர். 1715ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. தாளின் அருமை கருதி எழுத்து சிறுத்தது. ஆயினும் கண் படிக்கும் எல்லைக்குள் நின்றது. பின்னாளில் சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தை நடத்திய ஹண்ட் என்பவர், சிறியனவாயினும் தெளிவு குன்றாத தமிழ் எழுத்துகளை அமைத்துப் புகழ் பெற்றார். வின்சுலோ அகராதி 1862ஆம் ஆண்டில் அவ்வச்சுக்கூடத்திலேயே வெளிவந்தது.

அச்சுத் தொழிலார் ஓர் அங்குலத்தை ஏறத்தாழ 72 பங்காக்கி, ஒரு பங்கைப் பாயிண்டு என்பர். 12 பாயிண்டு எழுத்து என்றால் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. நாட்டுத் தாளில் அச்சிடினும், வழவழப்பான சீமைத் தாளில் அச்சிடினும் அதன் அளவு மாறாது. ஈயத்தில் வார்த்த எழுத்துக்குத் தன் உடம்பே அளவாக இருந்தது.

கணினித் திரையில் எழுத்துக்கு அத்தகைய உடம்பு இல்லை. திரை என்பது குறுக்கும் நெடுக்குமாக வரிசை வரிசையாய் அமைந்த ஒளிப்புள்ளிகளின் பரப்பு. அப்புள்ளி ஒவ்வொன்றையும் படப்புள்ளி என்று கூறலாம். கோலம் இடுவோர் புள்ளி வைத்துக் கோடு இழைப்பது போலக் கணினியும் இப்படப்புள்ளிகளுள் சிலவற்றை ஒளிரச் செய்தும் சிலவற்றை அணைத்தும் எழுத்தை வரைகின்றது. 1984ஆம் ஆண்டில் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியின் திரையில் ஓர் அங்குலத்திற்கு 72 படப்புள்ளிகள் இருந்தன. ஆதலின் அதில் ஒரு படப்புள்ளியும் ஒரு பாயிண்டும் ஒன்றாகவே நின்றன. விண்டோஸ் இயங்குதளம் அங்குலத்திற்கு 96 படப்புள்ளி என்று கணக்கிட்டது. நெடுங்காலம் பெரும்பாலான திரைகள் இக்கணக்கை ஒட்டியே அமைந்தன.

இதனால் மென்பொருள் எழுதுவோரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியது. “இவ்வெழுத்து அங்குலத்தில் இத்தனை பங்கு உயரம் இருக்க வேண்டும்” என்று கூறுவதை விடுத்து, “இத்தனை படப்புள்ளி உயரம் இருக்க வேண்டும்” என்று எழுதினர். கொற்றன் ஒருவன் சுவரின் உயரத்தை அடியால் கூறாமல், நாற்பது வரிசைச் செங்கல் என்று கூறுவதாகக் கொள்வோம். செங்கல்லின் பருமன் மாறாத வரையில் அவன் கணக்குப் பிழைபடாது. சூளையில் செங்கல் பாதிப் பருமனாக அறுக்கப்பட்ட நாளில், அதே நாற்பது வரிசையில் எழுந்த சுவர் இடுப்பளவே நிற்கும். கொற்றனை நோவதா, சூளைக்காரனை நோவதா? செங்கல் சிறுத்ததில் தவறு இல்லை. செங்கல்லை அளவுகோலாகக் கொண்டதே தவறு.

படப்புள்ளி என்னும் செங்கல்லும் அவ்வாறே சிறுத்தது. ஐ.பி.எம். நிறுவனம் 2001ஆம் ஆண்டில் அங்குலத்திற்கு ஏறத்தாழ 204 படப்புள்ளி கொண்ட திரையை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2010இல் ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசித் திரை 326ஐ எட்டியது. 2012இல் அந்நிறுவனத்தின் மடிக்கணினித் திரை 220ஐ எட்டியது. பின்னர் ஏனைய நிறுவனங்களின் கணினிகளிலும் இத்தகைய திரைகள் பரவின.

கீழ்பென்னாத்தூர்க் கடைத்தெருவில் பத்திரங்களும் விண்ணப்பங்களும் தட்டெழுதித் தரும் சிறு கடை ஒன்று இருப்பதாகக் கருதுவோம். அங்கிருந்த பழைய மடிக்கணினியின் திரை மூலைக்கு மூலை 15.6 அங்குலம், அதில் குறுக்கே 1366, நெடுக்கே 768 படப்புள்ளிகள். அங்குலத்திற்கு 100 படப்புள்ளி என்று கணக்காகிறது. அது பழுதுற்றமையால் கடைக்காரர் புதியது ஒன்று வாங்குகிறார். திரையின் அளவு அதே 15.6 அங்குலந்தான், ஆயின் படப்புள்ளிகள் 3840, 2160. அங்குலத்திற்கு 282! படம் பளிங்குபோல் தெளிவாகத் தெரிகிறது. கடைக்காரரும் மகிழ்கிறார். பத்திரத்திற்குரிய விவரங்களைப் பதியும் பழைய மென்பொருளைத் திறந்தவுடன் அம்மகிழ்ச்சி மறைகிறது.

அம்மென்பொருளின் எழுத்து 12 படப்புள்ளி உயரம் உடையது. பழைய திரையில் அது 3 மில்லிமீட்டர். புதிய திரையிலோ 1 மில்லிமீட்டரைச் சற்றே கடந்து நிற்கிறது. அச்சுத் தொழிலார் கணக்கில் 3 பாயிண்டு. இந்த உயரமும் மேல் விலங்கு, கீழ்ச் சுழி எல்லாவற்றிற்கும் இடம் விட்ட முழு உயரமே ஆகும். எழுத்தின் நடுவுடல் ஏறத்தாழ அதிற் பாதி, அரை மில்லிமீட்டர். ஸ்னெல்லன் பலகையில் நற்பார்வை உடையோர் படிக்கும் கடை வரியினும் சிறியது! வெள்ளெழுத்து உடையவர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

கடைக்காரர் கழுத்தை நீட்டித் திரையோடு முகத்தை ஒட்ட வைத்துப் படிக்கிறார். சிலர் பூதக்கண்ணாடியையும் எடுப்பர். எதிரே முதியவர் ஒருவர் தம் நிலத்தின் கிரயப் பத்திரத்திற்காகக் காத்திருக்கிறார். சர்வே எண் 183 என்பது 188 என்று பதிவானாலும் அந்தச் சிறு பெட்டிக்குள் வேற்றுமை தெரிவதில்லை. சக்குபந்தியில் ‘வடக்கே ஏரி’ என்பது ‘வடக்கே எரி’ என்று ஆனாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஓலையில் புள்ளி இல்லாமையால் வந்த குழப்பம், புள்ளிகள் மலிந்த திரையில் மீண்டும் தலைகாட்டுகிறது. ஏட்டுப் பிரதியில் பிழை நேர்ந்தால் உரையாசிரியர் திருத்துவார். பத்திரத்தில் பிழை நேர்ந்தால் திருத்தல் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். அதற்குரிய அலைச்சலும் செலவும் முதியவருடையவை.

எல்லா மென்பொருளும் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. அளவை அறிந்து எழுதப்பட்டவை, இயங்குதளத்திடம் “திரை எத்தகையது?” என்று வினவி, அதற்கேற்பத் தம் எழுத்தைப் பெருக்கிக்கொள்ளும். ஒன்றும் அறியாத பழையவற்றை, 2007ஆம் ஆண்டில் பரவத் தொடங்கிய விண்டோஸ் விஸ்டா முதலாக இயங்குதளமே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டத் தொடங்கியது. அவ்வாறு இழுத்த எழுத்து அளவில் பெருகும். ஆனால் நனைந்த தாளில் ஊறிய மை போல மங்கித் தோன்றும். மூன்றாம் வகைதான் பெருந்தொல்லை தருவது. “என் எழுத்தை நானே பார்த்துக்கொள்வேன், நீ தலையிட வேண்டா” என்று இயங்குதளத்திடம் உரைத்துவிட்டுப் பின் ஒன்றும் செய்யாது வாளா இருக்கும் மென்பொருள் அது. கடைக்காரரிடம் இருப்பதும் அத்தகையதே. மனிதருள்ளும் இவ்வியல்பினர் உளர்.

வேறொரு வகையும் உண்டு. அதில் எழுத்து மட்டும் வளரும். எழுத்தைத் தாங்கும் பெட்டி வளராது. ஆங்கில எழுத்துக்கு இதனால் நேரும் கேட்டினும் தமிழுக்கு நேரும் கேடு பெரிது. கி, கீ முதலியவற்றிற்கு மேலே வளைவு உண்டு. கு, கூ முதலியவற்றிற்குக் கீழே இழுப்பு உண்டு. பெட்டியின் விளிம்பு மேலே வெட்டினால் கியும் கீயும் வேறுபாடு இழக்கும்.

ஆப்பிள் நிறுவனம் 2012இல் கையாண்ட வழி எளியது. மென்பொருள் எண்ணும் புள்ளியைக் கற்பனைப் புள்ளியாகக் கொண்டு, அத்தகைய ஒரு புள்ளிக்குக் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு என நான்கு உண்மைப் படப்புள்ளிகளை வழங்கியது. பழைய கணக்கும் கெடவில்லை, எழுத்தும் சிறுக்கவில்லை. விண்டோஸில் இவ்வழி எளிதாகக் கைகூடவில்லை. பல நிறுவனத்தார் பல அளவில் செய்யும் திரைகள் அதனோடு இணைவன ஆதலின், 125, 150, 200, 250 என நூற்றுக்கு இவ்வளவு எனப் பல படிகளில் பெருக்க வேண்டியிருந்தது.

கடைக்காரர் செய்யத் தக்கவை இரண்டு. முதலாவது, கணினியின் அமைப்புகள் என்னும் பகுதியில் திரை பற்றிய பக்கத்தைத் திறந்து, எழுத்துப் பெருக்க அளவை நூற்றுக்கு 250 என வைத்தல். அளவை அறிந்த மென்பொருள்கள் எல்லாம் இதனால் செம்மையுறும். 12 படப்புள்ளி எழுத்து 30 ஆகி, பழைய அளவை ஏறத்தாழ எட்டும். பிடிவாதமுள்ள பழைய மென்பொருளுக்கு இரண்டாவது வழி. அதன் சின்னத்தின்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் தோன்றும். அதன் இறுதியில் உள்ள பண்புகள் என்பதைத் திறந்து, பொருத்தம் பற்றிய ஏட்டில் திரை நுண்மைக்கான அமைப்பை மாற்றி, “பெருக்கும் பொறுப்பு இயங்குதளத்தினுடையது” என்னும் பொருள்படும் குறியை இடல் வேண்டும். 2017ஆம் ஆண்டின் விண்டோஸ் புதுப்பிப்பு முதலாக, அங்கே ‘மேம்பட்டது’ என்னும் ஒரு தேர்வும் உண்டு. அதனைக் கொண்டால் பல பழைய மென்பொருள்களின் எழுத்து, மங்காமலே பெரிதாகும். திரையின் படப்புள்ளிக் கணக்கையே குறைத்துவிடுவாரும் உளர். அது செருப்புக்கேற்பக் காலைத் தறிப்பதை ஒக்கும். எழுத்து பெரிதாகும், திரையின் தெளிவு முழுதும் கெடும்.

இவற்றைக் கேட்டபின், பழைய திரையே நன்று என்று எண்ணுதல் கூடாது. அங்குலத்திற்கு 96 படப்புள்ளி உள்ள திரையில், 12 படப்புள்ளிக்குள் ணகரத்தின் மூன்று சுழிகளை அடக்குவது கடுகில் கோலம் இடுவது போன்றது. சுழி கட்டமாகும், வளைவு படிக்கட்டாகும், மெய்யின் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். கோட்டுக்குக் கோடு நேராக நிற்கும் ஆங்கில எழுத்து அக்கட்டத்துக்குள் ஒருவாறு அடங்கியது. வளைந்தும் சுழித்தும் செல்லும் தமிழ் எழுத்தே அங்கு மிகவும் இடர்ப்பட்டது. அதே 3 மில்லிமீட்டர் உயரத்தில் 12க்கு மாறாக 30 படப்புள்ளிகள் கிடைக்கும்போது, ணகரத்தின் சுழிகள் மூன்றும் தனித்தனியே திரண்டு, அச்செழுத்தில் காண்பதுபோல் விளங்குகின்றன. நுண்திரையினால் பெரும்பயன் பெறுவது தமிழ் போன்ற, வளைவும் சுழியும் மிக்க எழுத்துடைய மொழிகளே எனின் மிகையாகாது.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சி நிற்கிறது. கடைக்காரர், எதிரே அமர்ந்திருக்கும் முதியவரும் பார்த்துச் சரிகாணும் பொருட்டு, பழைய திரை ஒன்றையும் புதிய கணினியோடு இணைத்து அவர் பக்கம் திருப்பி வைக்கிறார். ஒரே கணினி, இரு திரைகள். ஒன்றில் அங்குலத்திற்கு 282 படப்புள்ளி, மற்றொன்றில் 96. எத்திரையின் கணக்கைக் கொள்வது? திரைதோறும் தனித்தனி அளவு வைக்கும் முறை 2013ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 8.1இல்தான் வந்தது. புதிய மென்பொருள்கள் அதனை ஏற்று நடக்கின்றன. அவருடைய பழைய மென்பொருள் நடப்பதில்லை. ஆகவே அவர் பதிவுப் பெட்டியைப் பழைய திரைக்கே இழுத்து வைத்து, முதியவரை அருகில் அழைத்து, சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் ஒவ்வோர் எழுத்தாகச் சுட்டிக் காட்டுகிறார். வடக்கே ஏரி என்பதில் ஏகாரத்தின் கால்கோடு தெளிவாகத் தெரிகிறது. முதியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி ஒருமுறை பார்க்கிறார். மீண்டும் இறக்கி ஒருமுறை பார்க்கிறார். பின்னரே அச்சிடச் சொல்கிறார்.